பெஞ்சில் உட்காராதவள்

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த அந்த வாரம் முழுக்க, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தோண்டிப் போட்டிருந்த அஸ்திவாரக் குழிகளில் தண்ணீர் நின்றது. காலையில் எழுந்ததும் கரண்ட் டாக்டர் செய்கிற முதல் வேலை, சின்ன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தண்ணீரை இறைப்பதுதான். யாரும் அவனை இறைக்கச் சொல்லவில்லை. இறைத்த இடத்தில் மறுநாள் மறுபடியும் தண்ணீர் நிற்கும். மறுபடியும் இறைப்பான்.

கரண்ட் டாக்டர் என்பது ஊர் வைத்த பெயர். அவன் டாக்டர் இல்லை. அப்பா டாக்டர், அம்மா தலைமை நர்ஸ், காதலித்துக் கட்டிக்கொண்டவளும் டாக்டர். அந்த வீட்டில் ஊசி போடத் தெரியாதவன் அவன் ஒருவன்தான். ஆனால் ஜெனரேட்டர் நின்றாலும், ஆக்சிஜன் குழாய் கசிந்தாலும், மழைக்குத் தகரக் கூரை ஒழுகினாலும் எல்லோரும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். "இவர் வந்து கையை வச்சாத்தான் ஆஸ்பத்திரிக்கே உசுர் வருது" என்று கேலி பேசிய ஆயாம்மா வைத்த பெயர்தான் அது. ஆஸ்பத்திரியைக் கூட்டுவதும் துணி துவைப்பதும் அவள் பொறுப்பு. ஆளுக்கொரு பெயர் வைப்பதை அவளே எடுத்துக்கொண்டாள்.

அன்று காலையும் அலசிய போர்வைகளைக் கொடியில் போட வந்தவள், குழிக்குள் முழங்கால் சேற்றில் நின்றவனைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, அதுல இருக்கற தவளை எல்லாம் உங்க மேல கேஸ் போடப் போகுது. குடியிருக்க விடாம தினமும் காலி பண்றீங்களே."

"ஈரம் நின்னா மண்ணு சரிஞ்சிடும் ஆயாம்மா."

"சரிஞ்சா சரியட்டும். கட்டப் போறீங்களா என்ன?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. போர்வையை உதறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதுப் பிரசவ வார்டுக்காக வெட்டிய அஸ்திவாரம் அது. நாலு கட்டில், தாய்மார்கள் நடந்து பழக ஒரு நீள வராந்தா, குழந்தைகளை வெயிலில் காட்ட கிழக்குப் பக்கம் பெரிய ஜன்னல். பெரிய டாக்டர், அதாவது அவன் அப்பா, சாப்பாட்டு மேஜையில் தட்டை நகர்த்திவைத்து விரலால் வரைந்து காட்டிய வார்டு. அதை நம்பித்தான் ஆஸ்பத்திரியின் வருங்காலமே இருந்தது. காய்ச்சலுக்கும் பூச்சிக்கடிக்கும் மட்டும் வருகிற கூட்டத்தை வைத்து ஒரு ஆஸ்பத்திரியை ஓட்ட முடியாது. பிரசவம் இருந்தால்தான் தாயும் வருவாள், பிள்ளையும் வரும், கூட வந்த சொந்தமும் மருந்து வாங்கும்.

இப்போது ஆறு வாரமாகப் பழைய பிரசவ அறையே பூட்டிக் கிடக்கிறது. அதில் கடைசியாகப் பிறந்தது கரண்ட் டாக்டரின் குழந்தைதான். பெண் குழந்தை. பிறக்கும்போதே மூச்சில்லை.

"வெள்ளிக்கிழமை சுகாதார ஆபீஸ்ல இருந்து ஆள் வராங்க" என்றான் அவன், மோட்டாரை நிறுத்திவிட்டு. "பிரசவம் பார்க்கற அனுமதியை நீட்டிக்கணுமா வேண்டாமான்னு கேப்பாங்க. வேண்டாம்னு விட்டுட்டா திரும்ப வாங்க முடியாது."

"சின்ன டாக்டர் என்ன சொல்றாங்க?"

"அவ எதையும் சொல்றதில்ல."

சின்ன டாக்டர் அவன் மனைவி. படிப்பு முடிந்து கிராமத்தில் வேலை செய்ய வேண்டிய கட்டாயத்துக்காகப் பெட்டியோடு வந்து இறங்கியவள். வந்த அன்றே கரண்ட் போய், டார்ச் வெளிச்சத்தில் ஒரு காலுக்குத் தையல் போட்டாள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். "கையை ஆட்டாதீங்க" என்று அவள் அதட்ட, "ஆட்டலீங்க, பயத்துல தானா ஆடுது" என்று அவன் சொல்ல, தையல் முடிவதற்குள் அவள் சிரித்துவிட்டாள். கட்டாயம் முடிந்த பிறகும் பெட்டி திரும்பிப் போகவில்லை.

*

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நடைமுறை இருந்தது. அதை உண்டாக்கியவள் அவன் அம்மா. ஊருக்கு அவள் சிஸ்டரம்மா. கர்ப்பிணி யாராக இருந்தாலும் முதலில் வராந்தாவில் இருக்கிற நீளப் பெஞ்சில் உட்கார வேண்டும். மூச்சு அடங்கி, நடந்து வந்த களைப்பு போன பிறகுதான் சிஸ்டரம்மா கூப்பிடுவாள். வீக்கம் இருக்கிறதா என்று காலை அமுக்கிப் பார்ப்பாள். பிரஷர் பார்ப்பாள். கூடியிருந்தால் மறுபடி பெஞ்சுக்கு அனுப்பி, அரை மணி கழித்து மறுபடி பார்ப்பாள். அப்போதும் இறங்கவில்லை என்றால் பேச்சே கிடையாது, வேனில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள். அங்கே ரத்தம் இருக்கிறது, மயக்க மருந்து கொடுக்க எந்நேரமும் ஆள் இருக்கிறது. இங்கே இல்லை. பணக்காரி, ஏழை, அழுகிறவள், சண்டை போடுகிறவள் என்று அவள் பார்த்ததில்லை. பஞ்சாயத்துத் தலைவரின் மகளையே "உங்கப்பா அங்க தலைவர். இங்க நான்" என்று சொல்லி வேனில் ஏற்றியவள்.

சின்ன டாக்டர் மட்டும் அந்தப் பெஞ்சில் ஒரு நாளும் உட்காரவில்லை.

உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்க வேண்டியவள் அவள்தானே. வயிற்றைத் தள்ளிக்கொண்டு வார்டுக்கும் வராந்தாவுக்கும் நடந்தாள். சமையல்கட்டில் தண்ணீர் குடிக்க நின்றால் மாமியார் கையைப் பிடித்து நாடி பார்ப்பாள். மாமனார் சாப்பிடும்போது "பிரஷர் எப்படிம்மா?" என்பார். "நார்மல் மாமா" என்பாள். மருமகளே டாக்டர், அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவர்கள் இருந்தார்கள். மாமியார் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் நடக்காது என்று அவள் இருந்தாள்.

கடைசி மாதத்தில் ஒரு தலைவலி வந்தது. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு கிழவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தவள், கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தாள். ரத்தம் கொட்டியது. அவளை வேனில் ஏற்றக்கூட முடியாத நிலை. வேன் மட்டும் டவுனுக்குப் போய் ரத்தம் கொண்டுவந்ததில் அவள் பிழைத்தாள். அதற்கு வெகு நேரம் முன்பே குழந்தையின் துடிப்பு நின்றிருந்தது. துடிப்பைத் தேடித் தேடிப் பார்த்த சிஸ்டரம்மா, காதில் மாட்டிய குழாயை வயிற்றிலிருந்து எடுக்கவே இல்லை. பெரிய டாக்டர்தான் அவள் தோளைத் தொட்டு, "போதும் வா" என்றார்.

குழந்தையைப் புதைக்கிற பெட்டியைக் கரண்ட் டாக்டரே செய்தான். எதையும் சரிபண்ணிவிடுகிற கை. ரம்பம் நேராகப் போகவில்லை. இரண்டு தடவை பலகையை மாற்றினான்.

அதற்குப் பிறகும் பால் சுரந்தது. வார்டில் காய்ச்சலோடு வந்த எந்தக் குழந்தை அழுதாலும் சின்ன டாக்டரின் சட்டை நனைந்தது. மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு, "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொன்ன எந்தத் தாயும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

*

புதன்கிழமை மத்தியானம், வெளிநோயாளிகள் போன பிறகு நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாதம், பருப்பு, ஆளுக்கொரு அவித்த முட்டை. வெளியே தகரத்தில் மழை. பெரிய டாக்டர் முட்டையைத் தோலுரிக்க முயன்றார். விரல்கள் நடுங்கின. தையல் போடுவதை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. சிஸ்டரம்மா பேசாமல் முட்டையை வாங்கி உரித்து அவர் தட்டில் வைத்தாள்.

"நாளன்னிக்கு அந்த ஆள் வந்தா என்ன சொல்றது?" என்றார் அவர். "யாராவது வாயைத் திறங்க."

"பூட்டியாச்சுன்னு சொல்லுங்க" என்றாள் சிஸ்டரம்மா.

"இதைச் சொல்றது நீயா? வீட்டுல இருந்ததை விட அந்த ரூம்ல இருந்ததுதான் அதிகம் நீ."

"அதனாலதான் சொல்றேன்."

"டவுனுக்கு அனுப்பறோமே, எல்லாரும் ஒழுங்காப் போய்ச் சேர்றாங்களா? போன வாரம் பாலத்துக்கிட்ட வேன்லயே பெத்தா ஒருத்தி. டிரைவர் மூணு நாள் வேலைக்கு வரல, கையெல்லாம் நடுங்குதுன்னு."

"குழந்தை உசுரோட இருக்குல்ல?"

அவர் சாதத்தைப் பிசைந்தார். சாப்பிடவில்லை.

கரண்ட் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான் ஒண்ணு சொல்றேன். யாரும் திட்டாதீங்க. நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நாள் டவுனுக்குப் போயிடறோம். இவளுக்கு அங்க உடனே வேலை கிடைக்கும். நான் எங்கயாவது மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கறேன். இங்க இருந்தா இவ..."

"இவ என்ன?" என்றாள் சின்ன டாக்டர்.

"தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தானே போறே."

"என்னைக் கேக்காமலே எனக்கு வேலை தேடிட்டியா?"

"கேட்டா பதில் சொல்றியா நீ? ஆறு வாரமா உங்கிட்ட நான் பேசறேன், சுவருதான் பதில் சொல்லுது."

"போகட்டும்டா" என்றாள் அம்மா. "கூட்டிட்டுப் போ. இவ இங்க இருந்து அவஸ்தைப்படறதை என்னால பார்க்க முடியல. தப்பு என்னோடது. இவ கால் வீங்கினதை நான் பார்த்தேன். நாள் பூரா நிக்கறா, வீங்காம என்ன செய்யும்னு நினைச்சேன். வேற ஒருத்தி அந்தக் காலோட வந்திருந்தா அன்னிக்கே ஏத்தி அனுப்பியிருப்பேன்."

"உன் தப்பு எங்க வந்துச்சு?" என்றார் பெரிய டாக்டர். "நான்தானே சொன்னேன். நம்ம வீட்டுப் பொண்ணே டவுனுக்குப் போய்ப் பெத்துக்கிட்டா, அப்புறம் எவ நம்பி இங்க வருவான்னு. இதே மேஜையிலதான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

"தலைவலிக்குதுன்னு என்கிட்டதான் சொன்னா" என்றான் கரண்ட் டாக்டர். "நான் டீ போட்டுக் கொடுத்தேன். டீ."

சின்ன டாக்டர் கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி? எனக்கு ஏதாவது மிச்சம் வைங்க."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் டாக்டர், மாமா. ஒருநாள் என் பிரஷரை நானே பார்த்தேன். கூட இருந்துச்சு. இப்பதான் வார்டுல இருந்து வேகமா வந்தோம், அதான்னு நினைச்சுக்கிட்டேன். வேற யாராவது அப்படிச் சொல்லியிருந்தா, பெஞ்சுல உக்காருங்க, அரை மணி கழிச்சுப் பார்க்கறேன்னு சொல்லியிருப்பேன். எனக்கு நான் சொல்லிக்கல. பெஞ்சுல இடமே இல்ல, அவ்வளவு கூட்டம். நீங்க கேட்டப்ப நார்மல்னு சொன்னேன்."

"ஏம்மா?" என்றார் அவர் மெதுவாக. "நான் சொன்னதுக்காகவா?"

"நீங்க சொன்னதுக்காக இல்ல." அவள் மாமியாரைப் பார்த்தாள். "எனக்கே ஆசையா இருந்துச்சு. அத்தை கையில பொறக்கணும்னு. ஊர்ல இருக்கற அத்தனை குழந்தையும் இந்தக் கையில பொறந்திருக்கு, என்னோடது மட்டும் வேற யாரோ ஒருத்தர் கையில ஏன் பொறக்கணும்னு."

சிஸ்டரம்மா எழுந்தாள். தட்டை எடுக்காமல் எழுந்தாள். இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாதவள் மாதிரி சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"உக்காருங்க அத்தை. இன்னும் ஒண்ணு இருக்கு. பெத்தவங்க எல்லாரையும் ஆறாவது வாரம் செக்கப்புக்கு வரச் சொல்றோம். என்னை யாரும் வரச் சொல்லலியே."

"வாயேன்மா... உள் ரூம்லயே பார்த்துடறேன். இப்பவே வா."

"உள் ரூம்ல வேண்டாம். நாளைக்குக் காலையில பெஞ்சுக்கு வரேன். அதுக்கப்புறம் சொல்றேன், ரூமைத் திறக்கறதா, மூடறதா, நான் இருக்கறதா, போறதான்னு."

கரண்ட் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். ஆறு வாரத்தில் அவள் அவனுக்குச் செய்த முதல் காரியம் அது. அவன் குனிந்து அதைத் தின்றான்.

*

மறுநாள் மழை இல்லை. வராந்தாவில் பினாயில் வாடையும் ஈரச் சுவர்களின் வாடையும் கலந்திருந்தது. கோட்டு இல்லாமல், சாதாரணப் பருத்திச் சேலையில் சின்ன டாக்டர் வந்து பெஞ்சின் கடைசியில் நின்றபோது, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"உக்காருங்க. நான் வரிசையிலதான் வந்திருக்கேன்."

"ஐயோ, நீங்க முன்னாடி போங்க டாக்டரம்மா."

"முன்னாடி எல்லாம் வேண்டாம். கொஞ்சம் நகர்ந்தா போதும்."

நகர்ந்தார்கள். பக்கத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி. அவளுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா, மடியில் துணிப்பையோடு. கூட்டிக்கொண்டே வந்த ஆயாம்மா துடைப்பத்தை நிறுத்தினாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளும் ஓரமாக நின்றுகொண்டாள்.

நிறைமாதக்காரியின் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்க பெரியவளை இங்க இருந்து டவுனுக்கு விரட்டினாங்க சிஸ்டரம்மா. நான் மண்ணை வாரித் தூத்தாத குறையா சண்டை போட்டேன். நல்லபடியா பெத்து வந்தா. நீங்க ஏம்மா போகல?"

"அம்மா!" என்று மகள் அவள் தொடையில் அடித்தாள்.

"கேக்கட்டும்" என்றாள் சின்ன டாக்டர். "என்னை யாரும் விரட்டல. நானும் போகல."

"படிச்சவங்க நீங்க."

"ஆமா."

அந்த அம்மாள் பைக்குள் கையை விட்டு ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, உரித்து, பாதியை மகளுக்குக் கொடுத்தாள். மீதிப் பாதியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, சின்ன டாக்டரின் மடியில் வைத்தாள்.

ஒவ்வொருத்தியாக உள்ளே போய் வந்தார்கள். சின்ன டாக்டரின் முறை வந்தபோது சிஸ்டரம்மா வாசலுக்கு வந்தாள். வழக்கமாக "அடுத்தது யாரு?" என்று உரக்கக் கூப்பிடுகிறவள், அன்று தலையை மட்டும் அசைத்தாள்.

உள்ளே போனதும் சிஸ்டரம்மா கதவைச் சாத்தப் போனாள்.

"திறந்தே இருக்கட்டும் அத்தை."

சிஸ்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். மருமகள் எதிரே ஸ்டூலில். இருவருக்கும் நடுவே சின்ன மேஜை, அதில் பிரஷர் பார்க்கிற கருவி. சிஸ்டரம்மா அதை நகர்த்தி வைத்தாள், மறுபடி இழுத்து வைத்தாள்.

"கேளுங்க. எல்லாரையும் கேக்கற மாதிரி கேளுங்க."

"என்னால முடியலம்மா."

"முடியணும். இல்லன்னா நாளைக்கு இன்னொருத்தியையும் நம்ம வீட்டுப் பொண்ணுதானேன்னு விட்டுடுவோம்."

சிஸ்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஆயிரம் பெண்களிடம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன அந்தக் குரலைத் தேடி எடுத்தாள்.

"எத்தனாவது பிரசவம்?"

"முதல்."

"எங்க ஆச்சு?"

"இங்கதான்."

"குழந்தை... ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"பால்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அடுத்துக் கேட்க வேண்டியது அதுதான். குழந்தை பால் நல்லா குடிக்குதா.

"பால் வத்திடுச்சு அத்தை" என்றாள் மருமகள். "போன வாரம்தான்."

வராந்தாவில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பெரிய டாக்டர் எதிர் அறையில் ஒரு நோயாளியின் நெஞ்சில் குழாயை வைத்தபடி நின்றிருந்தார். அவர் அந்த நெஞ்சைக் கேட்கவில்லை.

சிஸ்டரம்மா குனிந்து மருமகளின் பாதத்தை மடியில் எடுத்து வைத்து, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அமுக்கினாள். பள்ளம் விழவில்லை, வீக்கம் வடிந்திருந்தது. அந்தக் காலை உடனே இறக்கிவைக்க அவளுக்கு மனசில்லை. பிறகு நிமிர்ந்து, புஜத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, மெல்ல இறக்கினாள். முள்ளைப் பார்த்தாள். முகம் மாறியது.

"இன்னும் கூடத்தான் இருக்கு."

"எனக்குத் தெரியும். அப்ப அடுத்த குழந்தை?"

"அடுத்ததைப் பத்தி இப்ப என்னத்துக்கு..."

"எல்லாருக்கும் சொல்வீங்கல்ல. எனக்கும் சொல்லுங்க."

"இப்படி இருக்கறவங்க அடுத்த குழந்தையை இங்க பெத்துக்கக் கூடாது."

"சத்தமா சொல்லுங்க அத்தை. பெஞ்சுல இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

சிஸ்டரம்மாவின் உதடு கோணியது. அழுதால் வருகிற கோணல். ஆனால் குரல் தெளிவாக வந்தது. பஞ்சாயத்துத் தலைவரின் மகளை அதட்டிய அதே குரல்.

"அடுத்தது இங்க வேண்டாம். என் கையில வேண்டாம். டவுனுக்குப் போயிடணும்."

"சரி அத்தை. போயிடறேன்."

அவ்வளவுதான். அந்த ஒரு பதிலில் இரண்டு பேருக்கும் இருந்த ஒரே ஆசை முடிந்துபோயிற்று. வெளியே நிறைமாதக்காரி தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வர்றவர்கிட்ட அனுமதி வேணும்னு சொல்லிடுங்க" என்றாள் சின்ன டாக்டர். "ரூமைத் திறந்துடலாம். யாரை அனுப்பணுமோ அவங்களை அனுப்பிடுவோம். நான் இங்கயேதான் இருக்கேன்."

சிஸ்டரம்மா தலையாட்டினாள். பட்டையை அவிழ்க்கப் போன கை நின்றது.

"இன்னொரு தடவை பார்த்துடறேன்" என்றாள். "சில சமயம் முதல் தடவை அதிகமாக் காட்டும்."

குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு மறுபடி காற்றடித்தாள். முள் ஏறி நின்றது. இறக்கினால் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அவள் இறக்கவில்லை. ரப்பர் உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒன்றுமே கேட்காத அந்தக் குழாயைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது.

மருமகளின் விரல்கள் மரத்து, நுனி கறுக்கத் தொடங்கின. அவள் கையை இழுக்கவில்லை. மாமியாரே காற்றை இறக்குகிறவரை இருக்கட்டும் என்று அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள்.